சாயப்பட்டறையோடும் ஜாப் ஒர்க்காரர்களோடும் கணக்கு வைத்து நடப்பது எப்படி? சிறிய பனியன் கம்பெனிகளுக்கு ஒரு வழிகாட்டி

திருப்பூரில் சிறிய அளவில் பனியன் கம்பெனி நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். நூல் நீங்கள் வாங்குகிறீர்கள். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்திச் சீராக்குவது), பிரிண்டிங், எம்பிராய்டரி எல்லாம் ஆளுக்கு ஒரு இடம். இப்படி நம் சரக்கை வாங்கிக் கூலிக்குச் செய்து தருவதுதான் ஜாப் ஒர்க். உங்கள் கூரைக்குக் கீழ் நடப்பது கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் மட்டும்தான். ஆனால் ஷிப்மென்ட் தேதிக்குப் பையரிடம் (ஆர்டர் கொடுத்தவரிடம்) பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

துணி வராத நாளில் போனில் சத்தம் போடுகிறோம். ரெண்டு தடவை தாமதமானால் வேறு பட்டறைக்குப் போகிறோம். அங்கேயும் ஆறு மாதத்தில் அதே கதை. நாங்களும் இப்படித்தான் அல்லாடினோம். அப்புறம்தான் யார் எத்தனை நாள் எடுக்கிறார்கள் என்று எழுதி வைத்து, வரப்போகும் ஆறு வாரத்தை முன்கூட்டியே கணித்து, அந்தக் கணிப்பை ஜாப் ஒர்க்காரர்களிடமே காட்டத் தொடங்கினோம். டேட்டா அனலிட்டிக்ஸ் என்று சொல்லி மென்பொருள் விற்க வந்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்ட தகவல் எதுவும் நம் லைனில் யாரிடமும் அந்த வடிவத்தில் கிடையாது. டிசி புத்தகமும் எக்செல்லும் போதும் என்பது தட்டுத் தடுமாறித்தான் தெரிந்தது.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் தாளில் அவர்களுடைய தாமதத்துக்குப் பக்கத்தில் உங்களுடைய தாமதமும் இருக்க வேண்டும், அதை அவர்கள் பார்க்கவும் வேண்டும். அது இல்லாவிட்டால் நீங்கள் சேர்த்து வைப்பது வெறும் குற்றப்பட்டியல்.

1. ஒரே ஒரு பிராசஸில் தொடங்குங்கள்

எல்லா ஜாப் ஒர்க்கையும் ஒரே நேரத்தில் எடுத்தால் இரண்டாவது வாரமே கைவிட்டுவிடுவீர்கள். பெரும்பாலான கம்பெனிகளுக்குச் சாயம்தான் நல்ல தொடக்கம். காத்திருப்பு அதிகம், எடைத் தகராறு அங்கேதான், பில் தொகையும் பெரிது. கடந்த ஒரு வருடத்தில் உங்கள் லாட் (ஒரு நிறத்துக்கு ஒரு தொகுதியாக அனுப்பும் துணி) போன டையிங் யூனிட்டுகளைப் பட்டியலிட்டு, அதிகக் கிலோ போன இரண்டு மூன்று பேரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எப்போதோ ஒரு லாட் கொடுத்த இடத்தைச் சேர்க்காதீர்கள். ஒன்றிரண்டு லாட்டை வைத்து யாரையும் மதிப்பிட முடியாது.

2. சேர்க்க வேண்டிய காகிதங்கள்

- துணி அனுப்பிய டெலிவரி சலான், அதாவது நம் டிசி
- சாயம் போட்டுத் திரும்பி வந்த டிசி
- ஜாப் ஒர்க் பில்கள்
- லேப் டிப், அதாவது பட்டறை சாயம் போட்டுக் காட்டும் சிறு கலர் மாதிரிக்கு ஒப்புதல் கொடுத்த தேதி (மெயிலிலோ வாட்ஸப்பிலோ இருக்கும்)
- பணம் போன தேதிக்கு வங்கி ஸ்டேட்மென்ட்
- மாதாமாதம் வரும் ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது நமக்குப் பில் போட்டவர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களின் பட்டியல்
- ஐடிசி-04 (ஜாப் ஒர்க் சரக்குக்கான ஜிஎஸ்டி படிவம்) தாக்கல் செய்த நகல்

கடைசியில் உள்ளதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு, திரும்பிய சரக்கு, சலான் எண், தேதி எல்லாம் அதில் ஏற்கெனவே இருக்கிறது. ஆண்டு விற்றுமுதல் 5 கோடிக்கு மேல் என்றால் அரையாண்டுக்கு ஒருமுறை, அக்டோபர் 25க்குள்ளும் ஏப்ரல் 25க்குள்ளும் கொடுத்திருப்பீர்கள். 5 கோடி வரை என்றால் வருடத்துக்கு ஒருமுறை, ஏப்ரல் 25க்குள். ஆடிட்டர் அலுவலகத்தில் எக்செல் கோப்பாகவே கேட்டு வாங்குங்கள். தட்டச்சு வேலையில் பெரும்பகுதி மிச்சம். டேலி பிரைமில் இருப்பதை ஆல்ட்+இ அழுத்தி எக்செல்லாக எடுத்துவிடலாம்.

இங்கே முதல் பொறி பெயர். ஒரே பட்டறையை ஸ்டோரில் ஒரு விதமாகவும் அக்கவுன்ட்ஸில் வேறு விதமாகவும் எழுதியிருப்பார்கள். பெயரை வைத்துச் சேர்க்காமல் 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்துச் சேருங்கள். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து எழுத்து பான் எண். ஒரே ஆள் இரண்டு பெயரில் பில் போட்டாலும் பான் ஒன்றாக இருந்தால் தெரிந்துவிடும். தம்பி பெயரிலோ மனைவி பெயரிலோ இன்னொரு யூனிட் இருந்தால் மட்டும் நீங்களே கையால் குறித்துக்கொள்ள வேண்டும்.

3. ஒரு லாட்டுக்கு ஒரு வரி

பத்திகள் இவ்வளவுதான்: லாட் எண், ஜிஎஸ்டி எண், துணி வகை, ஷேடு, அனுப்பிய எடை, அனுப்பிய தேதி, லேப் டிப் ஒப்புதல் தேதி, முதல் வண்டி திரும்பிய தேதி, கடைசி வண்டி திரும்பிய தேதி, திரும்பிய எடை, ரீபிராசஸ் (சரியில்லாமல் திரும்பச் சாயம் போட்டது) உண்டா இல்லையா, பில் தேதி, பணம் கொடுத்த தேதி.

கடைசி ஆறு மாதத்துக்கு நிரப்பினால் போதும். ஸ்டோரில் இருக்கும் ஒருவர் தினமும் மாலையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் இரண்டு வாரத்துக்குள் முடிக்கலாம். அதற்கு மேல் பழையதைத் தோண்டுவது இப்போதைக்கு வேண்டாம்.

தேதிகளில்தான் கணக்கு தப்பும்.

லாட் பகுதி பகுதியாகத் திரும்பும். முதல் வண்டி வந்ததை முடிந்த தேதியாக எழுதினால் பட்டறை வேகமாகத் தெரியும். கட்டிங் தொடங்குவதற்கு முழு லாட்டும், ரிப்பும் (கழுத்துப் பட்டி போன்றவற்றுக்கான துணி) சேர்த்து வேண்டும் என்றால் கடைசி வண்டியின் தேதிதான் உங்களுக்குக் கணக்கு. இரண்டையும் எழுதுங்கள்.

அடுத்தது லேப் டிப். துணி போய்விட்டது, ஆனால் கலர் ஒப்புதல் பையரிடமிருந்து வரவில்லை, ஆர்டரைக் கவனிக்கும் நம் மெர்ச்சன்டைசர் மேஜையில் இரண்டு நாள் கிடந்தது. இந்த நாட்களெல்லாம் பட்டறையின் தாமதம் கிடையாது. துணி போன தேதி, ஒப்புதல் கொடுத்த தேதி, இரண்டில் எது பிந்தியதோ அங்கிருந்துதான் அவர்களுடைய நாளை எண்ண வேண்டும். இதைச் செய்தவுடன் தாமதத்தில் ஒரு பங்கு நம் பக்கம் வந்து விழும். விழட்டும்.

எடையிலும் கவனம் வேண்டும். பருத்தி காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். முற்றிலும் உலர்ந்த எடையில் 8.5 சதவீதம் ஈரம் என்பதுதான் பருத்திக்கு வழக்கமாக ஏற்கப்பட்ட அளவு. மழை நாளில் நிறுத்த எடையையும் காம்பாக்டிங்கிலிருந்து சூடாக இறங்கியவுடன் நிறுத்த எடையையும் ஒப்பிட்டு, பேசிய கழிவுக்கு (சாயம் போடுவதில் குறையும் எடைக்கு) மேல் போய்விட்டது என்று சண்டை போடுவதில் நியாயமில்லை. அனுப்பும்போதும் திரும்பும்போதும் ஒரே தராசு, வந்து சில மணி நேரம் ஆறிய பிறகு எடை என்று வழக்கப்படுத்துங்கள்.

4. சராசரியைப் பார்த்து ஏமாறாதீர்கள்

எடுத்துக்காட்டாக, ஒரு பட்டறை பத்து லாட்டுக்கு எடுத்த நாட்கள் இவை என்று வைத்துக்கொள்வோம்: 6, 7, 7, 8, 8, 8, 9, 9, 15, 18. சராசரி 9.5 நாள். ஆனால் எந்த லாட்டும் அப்படி வரவில்லை. எட்டு லாட் 9 நாளுக்குள் வந்துவிட்டது, இரண்டு லாட் ரொம்ப இழுத்துவிட்டது. எக்செல்லில் மீடியன் போட்டால் 8. பெர்சன்டைல் ஃபார்முலாவில் 0.9 கொடுத்தால் 15.3. அதாவது வழக்கமாக 8 நாள், பத்தில் ஒன்பது தடவை உறுதியாகச் சொல்ல வேண்டுமானால் 15 அல்லது 16 நாள். இந்த இரண்டு எண்தான் உங்களுக்குத் தேவை. முதலாவது அந்தப் பட்டறையின் வேகம், இரண்டாவது அதன் நம்பகம். நான் எப்போதும் இரண்டாவதைத்தான் முதலில் பார்ப்பேன். 10 நாள் என்று சொல்லி 10 நாளில் தரும் இடம், சில சமயம் 6 நாளிலும் சில சமயம் 18 நாளிலும் தரும் இடத்தைவிட மேல்.

அடுத்து, அந்த 15ம் 18ம் ஏன் என்று பாருங்கள். லைட், மீடியம், டார்க் என்று ஷேடைப் பிரித்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். ரியாக்டிவ் சாயத்தில் கருப்பு, நேவி, அடர் சிவப்பு எல்லாம் ஒட்டாத சாயம் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டியவை. டர்காய்ஸ் தனித் தொல்லை. இந்த லாட்டுகளை மட்டும் தனியாக எண்ணாமல், லைட் ஷேடு அதிகம் வாங்கிய பட்டறையை நல்லது என்றும், டார்க் முழுக்க வாங்கிய பட்டறையை மோசம் என்றும் சொல்லிவிடக் கூடாது. ஒரு பிரிவில் எட்டுப் பத்து லாட்டாவது சேரும்வரை எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

5. அடுத்த ஆறு வாரத்தைக் கணித்தல்

கணிக்க வேண்டியது இரண்டு. ஒவ்வொரு வாரமும் அந்தப் பட்டறைக்கு எத்தனை கிலோ போகும், எந்த லாட் தாமதமாகும் ஆபத்து அதிகம்.

கிலோவுக்கு முதலில் கையில் இருக்கும் ஆர்டரைப் பாருங்கள். ஷிப்மென்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் எந்த வாரம் துணி சாயத்துக்குப் போக வேண்டும் என்று வந்துவிடும். ஆறு வாரத்துக்குள் இதைவிட நல்ல கணிப்பு கிடையாது. இன்னும் உறுதியாகாத ஆர்டருக்குத்தான் பழைய எண்கள் வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் மாதக் கணக்கு இருந்தால் எக்செல் 2016 முதல் இருக்கும் ஃபோர்காஸ்ட் ஷீட் வசதி, சீசன் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்துக் கணித்து, மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டையும் வரைந்து காட்டும். அவ்வளவு கணக்கு இல்லையென்றால் கடைசி எட்டு வாரச் சராசரியே போதும்.

ஆனால் நம் ஊரில் இயந்திரக் கணிப்பு தவறும் இடம் ஒன்று உண்டு: தீபாவளி. 2024இல் அக்டோபர் 31, 2025இல் அக்டோபர் 20, 2026இல் நவம்பர் 8. சீசன் ஃபார்முலா அக்டோபரை அக்டோபரோடுதான் ஒப்பிடும். போனஸ், ஊருக்குப் போகும் கூட்டம், திரும்பி வராத ஆட்கள், அதற்கு முந்தைய மூன்று வார நெரிசல் எல்லாமே தேதியோடு சேர்ந்து நகரும் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே தீபாவளிக்கு எத்தனை வாரம் முன், எத்தனை வாரம் பின் என்று தனிப் பத்தி போட்டுக்கொள்ளுங்கள். பொங்கல் ஜனவரி நடுவிலேயே நிற்பதால் சிக்கல் இல்லை. வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம் உள்ள பட்டறை என்றால் ஹோலியையும் சத் பூஜையையும் குறியுங்கள். அவர்கள் மாநிலத்துத் தேர்தல் தேதியையும் விடாதீர்கள்.

பின்னோக்கி எண்ணும்போது இன்னொரு பொறி. நிட்டிங் வழக்கமாக 4 நாள், மோசமானால் 6. சாயம் 8, மோசமானால் 15. பிரிண்டிங் 3, மோசமானால் 5. எல்லா மோசமான நாளையும் கூட்டினால் 26 வரும். அப்படிக் கேட்டால் எந்தப் பையரும் ஆர்டர் தரமாட்டார். ஒரே லாட்டுக்கு மூன்று இடத்திலும் மோசமாவது அரிது. வழக்கமான நாட்களைக் கூட்டி 15, அதோடு மிகப் பெரிய ஒற்றை வித்தியாசமான சாயத்தின் 7, மொத்தம் 22 என்று திட்டமிடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் மட்டும் விதிவிலக்கு. அப்போது எல்லோரும் ஒரே நேரத்தில் தாமதிப்பார்கள், 26தான் சரி.

கணிப்பை நம்பத் தொடங்குவதற்கு முன் சோதித்துப் பாருங்கள். கடைசி மூன்று மாதத்தை மறைத்துவிட்டு, அதற்கு முந்தைய எண்களை மட்டும் வைத்துக் கணித்து, நடந்ததோடு ஒப்பிடுங்கள். போன மாதம் எவ்வளவோ இந்த மாதமும் அவ்வளவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதைவிட உங்கள் ஃபார்முலா நெருங்கி வரவில்லை என்றால் அந்த ஃபார்முலாவைத் தூக்கிப் போடுங்கள்.

6. பட்டறைக்கு நேரில் போய்க் காட்டுங்கள்

நான் மிக முக்கியமாக நினைப்பது இதைத்தான். வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், குரூப்பில் போடவே போடாதீர்கள். ஒரே பக்கத்தில் அச்செடுத்து, பட்டறை ஓரளவு ஓய்வாக இருக்கும் நேரம் கேட்டு, முதலாளியையும் அவருடைய சூப்பர்வைசரையும் பார்க்கப் போங்கள்.

தாளின் முதல் வரி நீங்கள் பணம் கொடுக்க எடுத்த நாட்களாக இருக்கட்டும். அதற்குக் கீழே லேப் டிப் ஒப்புதலில் உங்கள் பக்கம் போன நாட்கள். அதற்கப்புறம் அவர்களுடைய நாட்கள், ரீபிராசஸ், எடை. கடைசியில் அடுத்த ஆறு வாரத்துக் கிலோ, ஷேடு வாரியாக. இந்த வரிசையில் போனால் அவர்கள் தற்காத்துக்கொள்ளப் பேச மாட்டார்கள், திருத்திப் பேசுவார்கள். “ஏனுங்க, இந்த லாட்டுக்குத் துணி ரெண்டு கவுண்ட் கலந்து வந்துச்சுங்களே, அதனாலதானே பட்டை விழுந்து திரும்பப் போட்டோம்” என்று ஒரு சூப்பர்வைசர் எங்களிடம் சொன்னார். கவுண்ட் என்பது நூலின் பருமன். நூலைத் தேடிப் பார்த்தால் அவர் சொன்னது உண்மை. அது எந்த மென்பொருளிலும் ஏறியிருக்காது. திருத்த அவர்களுக்கு ஒரு வாரம் கொடுங்கள், திருத்தியதைத் தாளில் ஏற்றி மறுபடி காட்டுங்கள்.

ஆறு வாரத்து ஷேடு கணக்கு அவர்களுக்கு உண்மையிலேயே பயன்படும். லைட்டிலிருந்து டார்க்குக்கு மாறும்போதும் திரும்ப லைட்டுக்கு வரும்போதும் மெஷினைக் கழுவ வேண்டும், நேரமும் தண்ணீரும் போகும். முன்னாடியே தெரிந்தால் வரிசைப்படுத்திப் போடலாம், சாயமும் கெமிக்கலும் பேசி வாங்கலாம். உங்கள் லாட்டுக்கு இடம் ஒதுக்க அவர்களுக்கே ஒரு காரணம் கிடைக்கிறது.

வேறு பட்டறையின் எண்ணைப் பெயரோடு காட்டாதீர்கள். இன்று அவருடையதை இவரிடம் காட்டினால் நாளை தன்னுடையது எங்கே போகும் என்று இவர் யோசிப்பார். பையர் பெயர், பீஸ் விலை வேண்டாம். தொழிலாளர்களின் பெயர், போன் எண்ணையும் தாளில் ஏற்ற வேண்டாம். தனிநபர் தகவலுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, அதோடு இந்தக் கணக்குக்கு அவை தேவையும் இல்லை.

7. பணம் கொடுக்கும் நாளையும் கணிப்பில் சேருங்கள்

பட்டறைக்காரர் உங்கள் லாட்டை முன்னாடி ஏற்றுவதா பின்னாடி தள்ளுவதா என்று முடிவு செய்வதில் பணம் வரும் நாளுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் தாளிலேயே பார்க்கலாம்: பில் நிலுவை நீண்ட மாதங்களுக்கு அடுத்து லாட் திரும்பும் நாளும் நீள்கிறதா?

சட்டமும் இதில் கறாராக இருக்கிறது. எம்எஸ்எம்இடி சட்டம் 2006இன்படி, குறு, சிறு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்க எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள். எழுத்தில் எதுவும் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, மாதாமாதம் ஏறும். வருமான வரியில் 43பி(எச்) என்று பேசப்படும் விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்தது. அதன்படி இந்தக் கெடுவைத் தாண்டிய பில்லை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் காட்ட முடியும். எனவே பிப்ரவரி, மார்ச் பில்களைத் தனியாகக் கவனியுங்கள்.

அதற்குத் தேவையான காகிதம் பட்டறையின் உத்யம் சான்றிதழ் நகல், அதாவது குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்ததற்கான சான்று. இல்லையென்றால் பதிவு செய்யச் சொல்லுங்கள். மத்திய அரசின் தளத்தில் பதிவு முற்றிலும் இலவசம். அதே போலத் தோற்றமுள்ள தனியார் தளங்கள் கட்டணம் கேட்கும், அங்கே போக வேண்டாம். முகவரி ஜிஓவி.இன் என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ஷேடு மாறிவிட்டது, ஓட்டை விழுந்துவிட்டது என்று பில்லை நிறுத்தி வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஆட்சேபத்தை 15 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் வந்த நாளிலேயே ஏற்றுக்கொண்டதாகத்தான் கணக்கு.

8. ஜிஎஸ்டிஆர்-2பியைப் படிப்பது

மாதாமாதம் 14ஆம் தேதி 2பி வரும். ஒழுங்காக 11ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 (தான் போட்ட பில்களின் கணக்கு) போடும் பட்டறையின் பில் இரண்டு மாதம் தொடர்ந்து 2பியில் வரவில்லை என்றால் அங்கே பண நெருக்கடி இருக்கலாம். அடுத்த பெரிய லாட்டை முழுதாக அங்கே ஏற்றுவதற்கு முன் பேசிப் பாருங்கள். உங்கள் உள்ளீட்டு வரியும் அதில்தான் இருக்கிறது.

அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்யும் முறையைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். அவர்கள் இடைப்பட்ட மாதங்களில் பில்லை ஏற்றாமல் விட்டால் காலாண்டு முடிவில்தான் 2பியில் தெரியும். அவர் எந்த முறை என்று முதலிலேயே கேட்டுத் தாளில் குறித்துவிடுங்கள்.

9. ஒரு பக்கக் கடிதம்

இரண்டு மூன்று மாதம் தாளைப் பகிர்ந்த பிறகு எழுத்தில் வையுங்கள். இருவர் லெட்டர்ஹெட்டிலும் கையெழுத்திட்ட ஒரு பக்கம் போதும், வாசகத்தை ஆடிட்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அதில் இருக்க வேண்டியவை: ஒவ்வொரு சனிக்கிழமையும் ஆறு வாரக் கணிப்பு தருவீர்கள். முதல் இரண்டு வாரக் கிலோ உறுதி, அடுத்த இரண்டு வாரம் 20 சதவீதம் கூடவோ குறையவோ செய்யலாம், கடைசி இரண்டு வாரம் தகவலுக்கு மட்டும். லைட், டார்க் ஷேடுக்குத் தனித்தனி நாள், ஒப்புதல் தேதியிலிருந்து. எடை பார்க்கும் முறை. ரீபிராசஸ் யார் செலவு. பணம் எத்தனை நாளில். உறுதி சொன்ன கிலோவை நீங்கள் தராவிட்டால் என்ன என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இதைப் பலர் தவிர்க்கப் பார்க்கிறார்கள். ஆனால் உங்களுக்காக மெஷினை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தவருக்கு அது நிஜமான நஷ்டம்.

10. செலவும் நேரமும்

மென்பொருளுக்கு இப்போதைக்குச் செலவு இல்லை. எக்செல் இல்லையென்றால் கூகுள் ஷீட்ஸ் இலவசம், ஃபோர்காஸ்ட் ஷீட் மட்டும் அதில் கிடைக்காது. உண்மையான செலவு ஆள் நேரம்: லாட் வரும்போது வரியை நிரப்பச் சில நிமிடம், சனிக்கிழமை கணிப்புக்கு அரை நாள், மாதம் ஒருமுறை பட்டறைக்குப் போய்வர ஒரு நாள். நிரப்பும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுத்து, அவர் லீவு போட்டால் யார் என்பதையும் சொல்லிவிடுங்கள். தராசை வருடாவருடம் முத்திரை போட்டு வைத்திருங்கள், இல்லாவிட்டால் எடைக் கணக்கை யாரும் ஏற்க மாட்டார்கள்.

எப்போது மென்பொருள் வாங்கலாம்? ஒரே தாளில் மூன்று நான்கு பேர் எழுத வேண்டிய நிலை வந்த பிறகு. வாங்கும்போது விற்பவரிடம் கேளுங்கள்: விலகும் நாளில் என் கணக்கு முழுவதையும் எக்செல்லாக எடுத்துக்கொள்ள முடியுமா, ஒரு லாட் பகுதி பகுதியாகத் திரும்புவதை அதில் பதிய முடியுமா. இரண்டாவது கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதாது, திரையில் செய்து காட்டச் சொல்லுங்கள்.

சாயத்தில் மூன்று மாதம் ஓடிய பிறகு நிட்டிங்கைச் சேருங்கள். அங்கே ஒரு பத்தி கூடுதல்: நூல் வந்த தேதி. மில்கள் மாத முதல் தேதியில் நூல் விலை சொல்வதால், விலை இறங்கும் என்று எதிர்பார்த்து மாதக் கடைசியில் நூல் எடுக்காமல் நாமே காத்திருப்போம். அந்த நாட்களும் நம் கணக்கில்தான் ஏற வேண்டும், நிட்டிங்காரர் கணக்கில் அல்ல.